ஷான் டைச் நீக்கம்: 8 ஆட்டங்கள் மீதமிருக்கையில் இது தேவைதானா?

கிளாரட்ரசிகன் | 15 ஏப்ரல் 2022

ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட் ஹாமுக்கு எதிராக யார் இறங்குவார்கள் என்று எழுதலாம் என நினைத்திருந்தேன். அதற்குள் பர்ன்லி கழகத்தின் அறிவிப்பு வந்துவிட்டது. பயிற்சியாளர் ஷான் டைச் நீக்கப்பட்டார். அவருடன் அவரது பயிற்சிக் குழுவில் இருந்த இயன் வோன், ஸ்டீவ் ஸ்டோன், பில்லி மெர்சர் ஆகியோரும் போகிறார்கள். புனித வெள்ளி அன்று, லீக்கில் 8 ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போது.

2012 அக்டோபரில் வந்தவர். இன்று காலை வரை பிரீமியர் லீக்கில் ஒரே கழகத்தில் நெடுநாள் நீடித்த பயிற்சியாளர் அவர்தான். போன செப்டம்பரில்தான் 4 ஆண்டுகளுக்குப் புதிய ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஏழே மாதத்தில் அந்தத் தாளுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நண்பர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

நான்குநான்குஇரண்டு | 15 ஏப்ரல் 2022

வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் புள்ளிப் பட்டியலைப் பாருங்கள். 30 ஆட்டங்கள், 4 வெற்றிகள், 24 புள்ளிகள், கீழ்ப்பிரிவுக்கு இறக்கிவிடும் 18-ஆம் இடம். எவர்டன் 4 புள்ளிகள் முன்னால் நிற்கிறது. கடைசி இடத்தில் கிடந்த நார்விச்சிடம் ஞாயிறன்று 2-0 என்று தோற்றோம். அதுவும் எவர்டனை வென்று நான்கே நாளில்.

அந்த ஆட்டத்தை முழுமையாகப் பார்த்தேன். யாரிடமும் வேகம் இல்லை, நடுக்களத்தில் பந்தைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை. ஒரு பயிற்சியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் சொல்வது வீரர்கள் காதில் விழாத நாள் ஒன்று வரும். அந்த நாள் வந்துவிட்டது என்றே நினைக்கிறேன். இன்னும் ஒரு வாரம் காத்திருந்தால் 7 ஆட்டங்கள்தான் மிஞ்சும்.

பின்வரிசை | 15 ஏப்ரல் 2022

30 ஆட்டங்களில் 4 வெற்றி என்கிறீர்கள் நண்பரே. அந்த 30 ஆட்டங்களில் என்னென்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஜனவரி 13-ஆம் தேதி கிறிஸ் வுட் நியூகாஸிலுக்குப் போனார். 2.5 கோடி பவுண்டு. அந்தத் தொகையை யார் கொடுத்தாலும் விட்டுவிட வேண்டும் என்ற விடுவிப்பு விதி ஒப்பந்தத்தில் இருந்தது, கழகத்தால் தடுக்க முடியவில்லை என்றார்கள். சரி. ஆனால் அந்த விதி இருப்பது முன்பே தெரியும் அல்லவா? தொடர்ந்து நான்கு பிரீமியர் லீக் பருவங்களில் பத்துக்குக் குறையாமல் கோல் அடித்தவர் அவர். அவரை விற்றது யாருக்கு? நம்மைப் போலவே தரமிறக்கத்துக்கு அஞ்சிக்கொண்டிருந்த அணிக்கு. அவருக்குப் பதிலாக வந்த வெக்ஹார்ஸ்ட் நன்றாக உழைக்கிறார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதுவரை அவர் கணக்கில் ஒரு கோல்தான்.

அதற்கும் பின்னால் போங்கள். 2020 டிசம்பரில் ஏஎல்கே கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் இந்தக் கழகத்தை வாங்கியது. அதுவரை நாம் கடன் இல்லாத கழகம், கையில் பணம் வைத்திருந்த கழகம். வாங்கிய விலையில் பெரும்பங்கு கடனாக வந்தது. 6.5 கோடி பவுண்டுக் கடன் இப்போது கழகத்தின் தலைமேல் நிற்கிறது. தரமிறங்கினால் அதில் கணிசமான தொகையை உடனே அடைக்க வேண்டும்.

ஏப்ரலில் வீரர்களை வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. கடனையும் மாற்ற முடியாது. நிர்வாகத்தின் கையில் மாற்றக்கூடியதாக மிஞ்சி நிற்பது ஒரே ஒரு நாற்காலி. அதை மாற்றிவிட்டார்கள். தவறுகள் நடந்ததெல்லாம் அந்த நாற்காலிக்கு மேலே இருக்கும் அறையில்.

எவர்டன்நீலம் | 15 ஏப்ரல் 2022

எதிரணி ரசிகன் இங்கே எழுதுவதை மன்னிக்கவும். இந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வந்தது. அதை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

6-ஆம் தேதி உங்கள் மைதானமான டர்ஃப் மூரில் நடந்த ஆட்டத்தில் இடைவேளையின்போது நாங்கள் 2-1 என்று முன்னிலையில் இருந்தோம். ரிச்சார்லிசன் இரண்டு பெனால்டிகளையும் போட்டிருந்தார். அந்த இடைவேளையில் டைச் தன் வீரர்களிடம், எதிரே நிற்பவர்களுக்கு ஒரு ஆட்டத்தை வென்று முடிக்கத் தெரியுமா என்பதே சந்தேகம் என்ற பொருளில் பேசினாராம். ஆட்டம் முடிந்ததும் அவரே அதைச் சொன்னார். எனக்குச் சுரீரென்று தைத்தது, ஏனென்றால் உண்மை அதுதான். 57-ஆவது நிமிடத்தில் ரோட்ரிகஸ் சமன் செய்தார். 85-ஆவது நிமிடத்தில் எங்கள் காட்ஃப்ரி பந்தை வெளியே அடிக்கப் போய் உதை தவறியது. விட்ரா அதை எடுத்துக் குறுக்கே தள்ள, கோர்னே வந்து வலைக்குள் போட்டார். எங்கள் வீரர்களின் மனதுக்குள் என்ன இருக்கிறது என்பதை அந்த மனிதர் உள்ளங்கை நெல்லிக்கனியாகப் பார்த்திருந்தார்.

அப்படிப்பட்டவரை ஒன்பதே நாளில் அனுப்பிவிட்டீர்கள். எங்களுக்கு நல்லதுதான். உங்களுக்கு?

கார்னர்கொடி | 15 ஏப்ரல் 2022

இவர் காலத்தில் என்ன நடந்தது என்று புதிதாக வந்த ரசிகர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன்.

பர்ன்லி 1888-இல் கால்பந்து லீக் தொடங்கியபோதே அதில் இருந்த கழகம். 1921-இலும் 1960-இலும் இங்கிலாந்தின் சாம்பியன். பிறகு நெடுங்காலம் கீழ்ப்பிரிவுகளில் அலைந்தது. டைச் 2014-இல் மேலே கொண்டுவந்தார். 2015-இல் இறங்கினோம், அப்போது யாரும் அவரை நீக்கவில்லை. அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பை வென்று திரும்பினார். அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பலன்தான் தொடர்ந்து 6 பருவங்கள் பிரீமியர் லீக்கில் ஆடியது.

2017-18-இல் 54 புள்ளிகளுடன் 7-ஆம் இடம். 1966-67க்குப் பிறகு முதல்முறையாக ஐரோப்பியப் போட்டி. அபர்டீனை வென்றோம், இஸ்தான்புல் பஷாக்ஷெஹிரை வென்றோம், ஒலிம்பியாகோஸிடம் தோற்று நின்றோம். பர்ன்லி ஊரில் ஒரு மதுக்கூடம் தன் பெயரையே ‘ராயல் டைச்’ என்று மாற்றிக்கொண்டது. பெயர்ப்பலகையில் அவர் முகம். ஒரு ஊர் ஒரு மனிதரை அப்படி ஏற்றுக்கொள்வது எளிதில் நடக்காது. அந்தப் பலகைக்குக் கீழே இன்று மாலை உட்காரப் போகும் மக்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீக்கம் சரியா தவறா என்பதற்குப் பிறகு வருகிறேன். இன்று அவருக்கு நன்றி மட்டும்.

பழையபந்து | 16 ஏப்ரல் 2022

பருவத்தின் கடைசிக் கட்டத்தில் பயிற்சியாளரை மாற்றியவர்களின் கதையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

2014 ஏப்ரல் 6: நார்விச் கிறிஸ் ஹ்யூட்டனை நீக்கியது. 5 ஆட்டங்கள் பாக்கி. அப்போது அவர்கள் அபாயக் கோட்டுக்கு மேலே, 17-ஆம் இடத்தில், 5 புள்ளிகள் இடைவெளியுடன் இருந்தார்கள். நீல் ஆடம்ஸ் வந்தார். 5 ஆட்டங்களில் 1 புள்ளி. இறங்கினார்கள்.

2020 ஜூலை 19: வாட்ஃபர்ட் நைஜல் பியர்சனை நீக்கியது. இரண்டே ஆட்டங்கள் பாக்கி! இரண்டிலும் தோல்வி. இறங்கினார்கள்.

மறுபக்கமும் உண்டு. 2013 மார்ச் 30-இல் சண்டர்லாந்து மார்ட்டின் ஓநீலை அனுப்பிவிட்டு டி கானியோவைக் கொண்டுவந்தது. நியூகாஸில் போய் 3-0 என்று வென்றார்கள், பிழைத்தார்கள்.

எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது வெஸ்ட் பிரோம், 2018. ஏப்ரல் தொடக்கத்தில் பார்டியூ பிரிந்தபோது 6 ஆட்டங்கள் பாக்கி, மீட்சிக்கு 10 புள்ளிகள் தூரம். உள்ளிருந்த டேரன் மூரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை வென்றார், லிவர்பூலுடன் சமன் செய்தார், டோட்டன்ஹாமை வென்றார். 6 ஆட்டங்களில் 11 புள்ளிகள். அப்படியும் இறங்கினார்கள். ரசிகர்கள் அழுததற்குக் காரணம் இறங்கியது மட்டும் இல்லை. இதை ஒரு மாதம் முன்பே செய்திருந்தால் என்ற எண்ணம்தான் அவர்களை வாட்டியது.

மாற்றம் பலன் தருமா தராதா என்று கேட்பதைவிட, தரும் என்றால் ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்க வேண்டும்.

நான்குநான்குஇரண்டு | 16 ஏப்ரல் 2022

பழையபந்து ஐயா சொன்னதில் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அடுத்தவர் யார் என்று முடிவு செய்யாமலே நீக்கியிருக்கிறார்கள். 23 வயதுக்கு உட்பட்டோர் அணியின் பயிற்சியாளர் மைக் ஜாக்சன் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்வாராம். காயத்தில் இருக்கும் நம் அணித்தலைவர் பென் மீயும் அவருக்கு உதவியாக நிற்பாராம். நீக்கத்தை ஆதரிக்கிறேன், ஆனால் இந்த முறையை ஆதரிக்க முடியவில்லை.

கிளாரட்ரசிகன் | 17 ஏப்ரல் 2022

வெஸ்ட் ஹாம் 1, பர்ன்லி 1.

இன்று ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை. முதல் பாதியில் ஆஷ்லி வெஸ்ட்வுட் கீழே விழுந்தார். கணுக்கால் எந்தப் பக்கம் திரும்பக் கூடாதோ அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மோதியவர் வெஸ்ட் ஹாமின் விளாசிச். அவர் வேண்டுமென்று செய்யவில்லை, பார்த்த எல்லோருக்கும் தெரியும். அவர் புல்தரையில் கண்ணீர் விட்டு அழுதார். இரண்டு அணி வீரர்களும் அவரைத் தேற்றினார்கள். ஸ்ட்ரெச்சர் வரும்வரை அரங்கமே அமைதியாக இருந்தது.

அதற்குப் பிறகு வெக்ஹார்ஸ்ட் தலையால் கோல் அடித்தார். கோர்னே பெனால்டியை வெளியே அடித்தார். பின்பு அவர்கள் சமன் செய்தார்கள். ஒரு வாரத்தில் பத்தாண்டுப் பயிற்சியாளரையும் நடுக்களத் தூணையும் இழந்த பிள்ளைகள் தளராமல் ஓடினார்கள். வெஸ்ட்வுட் மீண்டு வர வேண்டும், அதுதான் இப்போதைக்கு.

பின்வரிசை | 21 ஏப்ரல் 2022

சவுத்தாம்ப்டனை 2-0 என்று வென்றோம். ராபர்ட்ஸ், காலின்ஸ். ராபர்ட்ஸுக்கு நம் சட்டையில் இது முதல் கோல். பந்து வளைந்து தூர மூலைக்குள் போன அழகை மூன்று முறை பார்த்துவிட்டேன்.

மகிழ்ச்சிதான். என் கருத்து மாறவில்லை.

நான்குநான்குஇரண்டு | 24 ஏப்ரல் 2022

உல்வ்ஸ் அணிக்கு எதிராக 1-0, விட்ரா. அதே நாளில் எவர்டன் லிவர்பூலிடம் தோற்றுவிட்டது. நாம் 31, அவர்கள் 29. அபாயக் கோட்டுக்கு மேலே வந்துவிட்டோம்!

ஒன்றைக் கவனியுங்கள். ஜாக்சன் புதிதாக ஒரு வித்தையும் கொண்டுவரவில்லை. அதே 4-4-2 அணிவகுப்பு, அதே ஆட்கள். ஆனால் தற்காப்பு வரிசை பத்தடி முன்னே வந்து நிற்கிறது. பந்தைப் பிடித்த உடனே நீளமாக அடித்துவிடாமல், பிரௌன்ஹில் இருபுறமும் பார்த்துக் கொடுக்கிறார். விட்ராவும் வெக்ஹார்ஸ்டும் ஒருவருக்கொருவர் பக்கத்தில் ஆடுகிறார்கள். வீரர்களின் முகத்தில் தெரியும் விடுதலையை நான் கற்பனை செய்து சொல்லவில்லை. டைச்சை நான் மதிக்கிறேன். ஆனாலும் இந்த அணிக்குள் இந்த ஆட்டம் இருந்தது, அதை அவரால் வெளியே கொண்டுவர முடியவில்லை.

கார்னர்கொடி | 25 ஏப்ரல் 2022

அந்தப் பத்தடி உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கோல் முன்னிலையைக் கடைசி நிமிடம்வரை காத்து நிற்கும் அந்த உறுதியைக் கற்றுக்கொடுத்தது யார்? கோல் பெட்டிக்குள் டார்கோவ்ஸ்கி உடம்பைக் குறுக்கே போட்டதெல்லாம் 10 நாளில் வந்த பழக்கமா? வீடு கட்டியவர் ஒருவர், வெள்ளையடித்தவர் ஒருவர்.

நான்குநான்குஇரண்டு | 30 ஏப்ரல் 2022

வாட்ஃபர்ட் 1, பர்ன்லி 2!

8-ஆவது நிமிடத்தில் டார்கோவ்ஸ்கி மேல் பட்டுப் பந்து நம் வலைக்குள்ளேயே போனது. அதன்பின் 75 நிமிடங்கள் நான் உட்காரவே இல்லை. 83-இல் கார்க் தலையால் அடித்தார். 86-இல் பிரௌன்ஹில். 34 புள்ளிகள். எவர்டனைவிட 5 அதிகம். டைச் போனபின் 4 ஆட்டங்கள், 10 புள்ளிகள்!

முதல் நாள் இங்கே என்னை நன்றி கெட்டவன் என்று தனிச்செய்தியில் எழுதியவர்களுக்கு: நான் இந்தக் கழகத்தை உங்களுக்குக் குறையாமல் நேசிக்கிறேன்.

கிளாரட்ரசிகன் | 30 ஏப்ரல் 2022

அப்படி எழுதியது யாராக இருந்தாலும் தவறு, தம்பி. இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நானும் இன்று துள்ளிக் குதித்தேன். பிரௌன்ஹில் கோல் அடித்ததும் ஓடிவந்து பென் மீ கட்டிப்பிடித்த கூட்டத்தைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் மகிழ்ச்சிக்குள் ஒரு முள் இருக்கிறது. இந்த மகிழ்ச்சி அவருக்கு எதிரான சாட்சியாக ஆகிவிடுகிறதே என்பதுதான் அது. அவரும் எங்கோ உட்கார்ந்து இந்த முடிவைப் பார்த்திருப்பார்.

பின்வரிசை | 1 மே 2022

இன்று எவர்டன் செல்சியை 1-0 என்று வென்றது. இன்னும் எதுவும் முடியவில்லை.

4 ஆட்டங்களில் 10 புள்ளிகள் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது எனக்குச் சொல்வது வேறு. ஒரு மாற்றத்தால் அணி இவ்வளவு எழும் என்றால், நிர்வாகம் அதை ஜனவரியில் அல்லவா யோசித்திருக்க வேண்டும்? வுட் போன அன்றே, அவர் இல்லாமல் இந்த ஆட்டமுறை நிற்காது என்பது தெரியும். உயரமாக வரும் பந்தை நெஞ்சில் வாங்கி நிறுத்தும் ஆளை நம்பிக் கட்டிய அணி அது. அப்போது டைச்சுடன் உட்கார்ந்து பேசியிருக்கலாம். இரண்டு மூன்று வீரர்களை வாங்கியிருக்கலாம். அல்லது மரியாதையாகக் கைகுலுக்கிப் பிரிந்து, புதியவருக்கு 18 ஆட்டங்களுக்கு மேல் கொடுத்திருக்கலாம். எதையும் செய்யவில்லை. இன்று மதில்மேல் பூனையாக நிற்கிறோம்.

எவர்டன்நீலம் | 1 மே 2022

நேற்று உங்கள் ஆட்டத்தின் கடைசி பத்து நிமிடங்களைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை. இன்று கொஞ்சம் மூச்சு வந்தது. இரண்டு கழகத்தில் ஒன்று போகப்போகிறது என்பது கொடுமை. லீட்ஸையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களும் சரிந்துகொண்டிருக்கிறார்கள்.

கார்னர்கொடி | 7 மே 2022

ஆஸ்டன் வில்லாவிடம் சொந்த மைதானத்தில் 3-1. பேச ஒன்றும் இல்லை.

கார்னர்கொடி | 15 மே 2022

டோட்டன்ஹாமிடம் 1-0. பார்ன்ஸ் கையில் பட்டதற்குப் பெனால்டி, கேன் அடித்தார். நம் கோல்காப்பாளர் போப் தடுத்த பந்துகளுக்குக் கணக்கே இல்லை, அந்த ஒன்றுதான் போனது.

நான்குநான்குஇரண்டு | 19 மே 2022

வில்லா மைதானத்தில் 1-1. பார்ன்ஸ் பெனால்டி போட்டார், புவென்டியா சமன் செய்தார். எவர்டன் 2-0 என்று பின்தங்கி, கிரிஸ்டல் பேலஸை 3-2 என்று வென்று தப்பிவிட்டது. எவர்டன்நீலம் நண்பருக்கு வாழ்த்துகள், மனதாரச் சொல்கிறேன்.

இனி நாமும் லீட்ஸும்தான். இருவருக்கும் 35 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் நாம் 20 மேலே. அதாவது லீட்ஸ் எடுக்கும் முடிவை நாமும் எடுத்தால் போதும். ஞாயிறன்று டர்ஃப் மூருக்கு வருவது நியூகாஸில்.

பின்வரிசை | 19 மே 2022

வுட்டை வாங்கிய நியூகாஸில்.

கிளாரட்ரசிகன் | 22 மே 2022

முடிந்துவிட்டது. பர்ன்லி 1, நியூகாஸில் 2.

20-ஆவது நிமிடத்தில் காலின்ஸ் கையில் பந்து பட்டது, வில்சன் பெனால்டி போட்டார். 60-இல் மீண்டும் அவரே. 69-இல் கோர்னே ஒன்று திருப்பினார். அப்போது லீட்ஸ் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. 78-இல் அவர்களுடன் ஆடிய பிரென்ட்ஃபர்டின் கானோஸ் சமன் செய்தார். லீட்ஸ் டிரா செய்தால் நமக்கு ஒரு கோல் போதும். கடைசி நிமிடங்களில் ஒவ்வொரு பந்தும் நியூகாஸில் பெட்டிக்குள்தான் போனது. ஒரு கண் இங்கே, ஒரு கண் கைப்பேசியில். 94-ஆவது நிமிடத்தில் ஹாரிசன் லீட்ஸுக்கு இரண்டாவது கோலை அடித்தார்.

லீட்ஸுக்கு 38 புள்ளிகள், நமக்கு 35. மூன்று புள்ளிகளில் போய்விட்டது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். திரையில் டர்ஃப் மூர் மேடையில் ஒரு பெரியவர் கழுத்துத் துண்டை நான்காக மடித்துக்கொண்டிருந்தார். ஓரங்கள் சரியாகப் பொருந்தும்வரை திரும்பத் திரும்ப மடித்தார்.

நான்குநான்குஇரண்டு | 22 மே 2022

8 ஆட்டங்களில் 11 புள்ளிகள். மாற்றத்தை ஆதரித்ததற்காக நான் இப்போதும் வருந்தவில்லை. அது இல்லாமல் இருந்திருந்தால் இன்றுவரை போராட்டமே இருந்திருக்காது.

ஆனால் பின்வரிசை நண்பர் முதல் நாளில் எழுதியதை இன்று மீண்டும் படித்தேன். 30 ஆட்டங்களில் இழந்ததை 8 ஆட்டங்களில் ஈடுகட்டச் சொன்னோம். ஜாக்சன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. டைச் மேல் இருந்த கோபமும் இன்று இல்லை.

பின்வரிசை | 22 மே 2022

11 புள்ளிகள் குறைவானவை அல்ல. பழையபந்து ஐயா சொன்ன வெஸ்ட் பிரோமும் அதே 11 எடுத்துத்தான் இறங்கியது.

இனி அந்தக் கடனில் எவ்வளவு உடனே கட்ட வேண்டியிருக்கும் என்பதுதான் என் கவலை. டார்கோவ்ஸ்கி, பென் மீ இருவருக்கும் அடுத்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. அவர்களை நிறுத்திக்கொள்ள முடியுமா, போப்பையும் கோர்னேயையும் விற்கத்தான் வேண்டுமா, புதிய பயிற்சியாளர் வரும் முன்பே பாதி அணி போய்விடுமா? இந்த முறையாவது ஜூனிலேயே யோசிக்கட்டும்.

கிளாரட்ரசிகன் | 22 மே 2022

சாம்பியன்ஷிப்புக்குத் தனி இழை நாளை தொடங்குகிறேன். எல்லோரும் வாருங்கள். எவர்டன்நீலம், நீங்களும்தான்.